எத்தனை அடி விட்டீங்க?

கோயமுத்தூர்க்காரரைப் பார்த்து, 'சௌக்கியமா?' என்று கேட்டால் பதில் அடிக்கணக்கில்தான் வரும்.

''எங்கீங்க சௌக்கியம்... எழுநூறு அடி போட்டோம். புகைதான் வந்துச்சு!''

வெளியூர்க்காரர் மிரண்டுவிடுவார். ஆசாமி ஏதோ ராக்கெட் விட்டிருக்கிறார் போலிருக்கிறது என்று. விஷயம் அதெல்லாம் இல்லை. போர். ஆழ்குழாய்க் கிணறு. பாறையைத் துளைக்கும்போது தண்ணீர் இல்லையென்றால் மேலே வருவது வெறும் கல் தூள். அதுதான் அந்தப் 'புகை'.

எங்கள் பக்கம் இது குசல விசாரிப்பு மட்டுமில்லை, அந்தஸ்து. ''பையன் என்ன படிச்சிருக்கான்?'' என்பதற்கு முன்னாடியே, ''தோட்டத்துல எத்தனை அடியில தண்ணி?'' என்று கேட்கிற சம்பந்திகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை எல்லாம் கேரளாக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியைத்தான் எங்களுக்கு அனுப்புகிறது. கீழே பார்த்தால் கெட்டிப் பாறை. அதில் எங்காவது வெடிப்பு இருந்தால், அந்த வெடிப்பில் தண்ணீர் இருந்தால், அந்த வெடிப்பை நம்ம போர் தொட்டால்... இத்தனை 'ஆல்'களுக்கும் நடுவில்தான் ஒரு தென்னந்தோப்பு நிற்கிறது.

சரி, ஒரு சின்னக் கேள்வி. எழுநூறு அடி என்று சொன்னாரே... அதை யார் பார்த்தது?

ஆறரை அங்குல ஓட்டை. உள்ளே கும்மிருட்டு. இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் கீழே போக முடியாது. போர் வண்டிக்காரர் சொன்னார், நாம் தலையாட்டினோம், பில் வந்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு மூன்று மீட்டர் திரைச்சீலைத் துணி வாங்கினால் கடைக்காரர் கையையே உற்றுப் பார்க்கிற நாம், மூன்று லட்ச ரூபாய் போருக்குக் கண்ணை மூடிக்கொள்கிறோம்!

கல்லைப் போட்டுப் பார்க்கலாமா?

'ஏன் சார், ஃபிஸிக்ஸ் இருக்கே!' என்பார் ஆபீஸில் ஒரு அறிவாளி. மேலேயிருந்து விடுகிற கல் முதல் விநாடியில் 16 அடி விழும். இரண்டு விநாடியில் 64 அடி, மூன்றில் 144, நான்கில் 256. 'தொபுக்' சத்தம் வருகிற நேரத்தைப் பார்த்தால் ஆழம் தெரிந்துபோகும்.

திறந்த கிணற்றுக்கு இது ஓகே. தாத்தா காலத்துக் கிணற்றில் போட்டுப் பாருங்கள், ஜோராக வேலை செய்யும். போரில் கல் நேராகப் போகாது. சுவரில் 'டக்... டக்...' என்று முட்டி முட்டிப் போகும். முக்கியமான இன்னொரு விஷயம், உள்ளே மோட்டார் தொங்குகிறது. ஃபிஸிக்ஸ் பாஸாகிவிடும். மோட்டார் ஃபெயிலாகிவிடும்!

ஆக, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குள் எதையாவது இறக்கினால் 'எவ்வளவு இறங்கியிருக்கிறது?' என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். இறங்குகிற கயிற்றிலோ கம்பியிலோ முன்கூட்டியே அடையாளம் வைக்க வேண்டும்.

இதே தலைவலியோடு தினசரி குடித்தனம் நடத்துகிற இன்னொரு கூட்டம் உண்டு. கடலில்.

கப்பல் தம்பி சொன்ன கணக்கு

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆறு மாசம் கடல், நாலு மாசம் காந்திபுரம். லீவில் வந்தால் சாயங்காலம் பேக்கரியில் என்னோடுதான் தேங்காய் பன்னும் டீயும்.

''கப்பல்ல நங்கூரம் போடறப்போ என்னப்பா பண்ணுவீங்க? தூக்கிக் கடல்ல போட்டுட்டு வேடிக்கை பார்ப்பீங்களா?'' என்று ஒருநாள் கேட்டேன்.

''அண்ணா, நங்கூரம் போடறது பெரிசில்லீங்ணா. எத்தனை சங்கிலி விட்டிருக்கோம்ங்கறதுதான் கணக்கே!'' என்றான்.

நாம் நினைப்பது போல நங்கூரம் தன் எடையால் மட்டும் கப்பலைப் பிடித்து நிறுத்துவதில்லையாம். சங்கிலியை நிறைய விட்டால் அதில் ஒரு பகுதி கடல் தரையில் படுத்துக்கொள்ளும். அப்போது கப்பல் இழுக்கிற இழுப்பு நங்கூரத்துக்குப் படுக்கைவசத்தில் போய்ச் சேரும். கொக்கி மண்ணுக்குள் இன்னும் இறுகும். சங்கிலி குறைவென்றால் இழுப்பு மேல்பக்கமாக வரும். கொக்கி பெயர்ந்துகொள்ளும். கப்பல் பாட்டுக்கு நகர ஆரம்பித்துவிடும். அதனால் சின்னப் படகுகளில்கூட, ஆழத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். பத்து மீட்டர் ஆழம் என்றால் முப்பதிலிருந்து ஐம்பது மீட்டர். சங்கிலிக்குப் பதில் கயிறு என்றால் இன்னும் அதிகம். கயிற்றுக்கு எடை கிடையாதே!

'அப்போ இருக்கிறதை எல்லாம் விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?' என்றால் அதுவும் கூடாது. காற்று திரும்பும்போது கப்பல் நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும். சங்கிலி நீளம் கூடினால் வட்டமும் பெரிசாகும். பக்கத்துக் கப்பல்காரனோடு சண்டை!

ஆக, எவ்வளவு விட்டோம் என்று தெரிந்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அடையாளம். கப்பல் சங்கிலியை மீட்டரில் சொல்ல மாட்டார்கள். 'ஷாக்கிள்' என்பார்கள். ஒரு ஷாக்கிள் 90 அடி, அதாவது சுமார் இருபத்தேழரை மீட்டர். ஒவ்வொரு ஷாக்கிளும் முடிகிற இடத்தில் ஓர் இணைப்பு. முதல் இணைப்புக்கு இரண்டு பக்கமும் முதல் வளையத்துக்கு வெள்ளை பெயிண்ட். இரண்டாவது இணைப்பில் இரு பக்கமும் இரண்டாவது வளையம் வெள்ளை. மூன்றாவதில் மூன்றாவது வளையம். இணைப்பிலிருந்து எத்தனையாவது வளையம் வெள்ளை என்று எண்ணினால், அத்தனை ஷாக்கிள் போயிருக்கிறது என்று அர்த்தம். பெயிண்ட் உப்புத் தண்ணீரில் உரிந்து போகுமே? அதற்காக அதே வளையத்தில் கம்பியும் சுற்றி வைப்பார்கள்.

''சங்கிலி ஓடறப்போ துரு, சேறு, தூசி எல்லாம் பறக்கும்ணா. சத்தம் காதைப் பொளக்கும். அந்த அமளியில வெள்ளை வளையம் போறதைக் கண் கொட்டாமப் பார்க்கணும். ஒரு ஷாக்கிளுக்கு ஒரு மணி, ரெண்டுக்கு ரெண்டு மணின்னு அடிச்சு, மேலே இருக்கிற கேப்டனுக்குச் சொல்றதுதான் பழைய வழக்கம்'' என்றான் தம்பி.

அமெரிக்கக் கடற்படையில் இன்னும் ஒரு படி மேலே. கடைசிக்கு முந்தைய துண்டில் எல்லா வளையமும் மஞ்சள். கடைசித் துண்டு முழுக்கச் சிவப்பு. மஞ்சள் வந்தால், 'தம்பி, சரக்கு தீரப்போகிறது.' சிவப்பு வந்தால், 'தீர்ந்தது. ஓரமாக நில்!' அதற்கப்புறமும் சங்கிலி நிற்காமல் ஓடினால், பிய்த்துக்கொண்டு போகிற நுனி ஆளையே அடித்துவிடும்.

சம்பளக்காரர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமா என்ன? இருபதாம் தேதி மஞ்சள், இருபத்தேழு சிவப்பு!

இருட்டில் தடவிப் பார்த்தவர்கள்

சங்கிலி விடுவதற்கு முன்னால் கடலின் ஆழம் தெரிய வேண்டுமே? மின்சாரக் கருவிகள் வருவதற்கு முன்பு அதற்கும் ஒரு கயிறுதான் வைத்திருந்தார்கள். நுனியில் ஈயக் குண்டு. கயிற்றில் அளவுக்கு அளவு அடையாளம். அளவு 'பாகம்' கணக்கு. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஆறு அடி. நம் மீனவர்களுக்கும் அதே கணக்குதான்.

ஆங்கிலேய மாலுமிகள் அதில் வைத்த அடையாளத்தைக் கேளுங்கள். இரண்டு பாகத்தில் இரண்டு தோல் துண்டு. மூன்றில் மூன்று தோல் துண்டு. ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்பு, பத்தில் ஓட்டை போட்ட தோல், பதின்மூன்றில் நீலம். ஏன் இத்தனை கலாட்டா? நேராக நம்பர் எழுதினால் என்ன?

ராத்திரியில் நம்பர் தெரியாது சார்! அதனால் துணியிலும் வித்தியாசம். ஒன்று பருத்தித் துணி மாதிரி வழவழப்பு, இன்னொன்று கம்பளி மாதிரி சொரசொரப்பு. விரலால் தடவினாலே எத்தனை பாகம் என்று தெரிந்துவிடும். விரல் மரத்துப்போன குளிரில் உதட்டில் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

மிஸிஸிபி நதியில் ஓடிய நீராவிப் படகுகளிலும் இதே கயிறு. இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம் இருந்தால் படகு தாராளமாகப் போகலாம். ஆழம் பார்ப்பவன் அதை 'மார்க் ட்வைன்!' என்று கத்துவான். 'அடையாளம் இரண்டு' என்று அர்த்தம். அந்தப் படகுகளில் பைலட்டாக இருந்த சாமுவேல் கிளெமன்ஸ் என்பவர் பிறகு எழுத்தாளரானபோது, 1863-ல் அந்தக் கத்தலையே தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 'டாம் சாயர்' எழுதிய அதே மார்க் ட்வைன்தான். உலகத்திலேயே கயிற்று அடையாளத்தைப் பெயராக வைத்துக்கொண்ட ஒரே இலக்கியவாதி அவராகத்தான் இருக்க வேண்டும்!

கப்பல் வேகத்தை 'நாட்' என்கிறார்களே, அதுவும் கயிற்று முடிச்சுதான். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் பலகை கட்டிக் கடலில் விடுவார்கள். 28 விநாடி மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே ஓடியதோ, அத்தனை நாட் வேகம்.

சென்ட் கணக்குக்குப் பின்னால் ஒரு சங்கிலி

'கடல் சமாச்சாரமெல்லாம் நமக்கெதுக்கு? நாம கால் காசுக்கு சைட் வாங்கப் பார்க்கிறவங்க' என்கிறீர்களா? அந்த சைட்டையே ஒரு சங்கிலிதான் அளந்தது.

எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, 100 கண்ணி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. இரண்டு முனையிலிருந்தும் பத்தாவது கண்ணியில் ஒரு பல் வைத்த வில்லை, இருபதில் இரண்டு பல், முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு. நட்ட நடுவில் வட்ட வில்லை. எந்தப் புதருக்குள் எந்த இடத்தைப் பிடித்துத் தூக்கினாலும் எத்தனையாவது கண்ணி என்று தெரிந்துவிடும்.

பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு சதுரச் சங்கிலிக்குப் பத்து சென்ட். இன்றைக்கு சரவணம்பட்டியில், 'சென்ட் என்ன விலை?' என்று கேட்டுவிட்டு மயக்கம் போடுகிறோமே... அந்த சென்ட்டுக்குக் கணக்கு கன்ட்டர் சங்கிலியில்தான் இருக்கிறது. கிரிக்கெட் பிட்ச்சும் அதே ஒரு சங்கிலிதான், 22 கெஜம். நோ-பால் போடாமல் ஓடி வருகிற பௌலருக்கே இது தெரியாது!

பெரியப்பாவின் புளியங்கொட்டை

இப்போது மறுபடி நம்ம ஊர் ஓட்டைக்கு வருவோம். 1937-லேயே உள்ளூரில் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. பம்ப் என்றால் கோயமுத்தூர். போர் வண்டி என்றால் திருச்செங்கோடு. அந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. துளைக்க ஆள் இருக்கிறது, தண்ணீரைத் தூக்க மோட்டார் இருக்கிறது. எண்ணத்தான் ஆள் இல்லை.

அன்னூர் பக்கம் இருக்கிற என் பெரியப்பா அதற்கு விதிவிலக்கு. அவர் தோட்டத்தில் போர் போட்ட ராத்திரி நானும் இருந்தேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர், ''இருநூறு அடியில கெங்கை கெடக்குதுங்கோ'' என்று சொல்லிவிட்டு, தேங்காயோடு தட்சிணையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இருநூறில் கெங்கை வரவில்லை. முந்நூறில் ஈரம்கூட இல்லை.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தார். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கொட்டையை எடுத்து மடியில் போடுவார். ஒரு ராடு 20 அடி. ஆரம்பிக்கும் முன்பே ஒரு ராடைத் தரையில் படுக்க வைத்து, டேப் பிடித்து அளந்துவிட்டார். வண்டிப் பையன்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

ஐந்து ராடுக்கு ஒரு தரம், வெளியே வந்த கல் தூளில் ஒரு கைப்பிடி அள்ளி வரிசையாகக் குவித்து வைத்தார். கருங்கல், வெள்ளைக் கல், செம்மண் கலந்த கல்... எந்த அடியில் என்ன என்று காலையில் பார்த்தால் தெரிய வேண்டுமாம். பழைய கப்பல்காரர்கள் ஈயக் குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி, கடல் தரையில் மணலா சேறா என்று ஒட்டி எடுத்துப் பார்த்தார்களே, அதே வித்தைதான். இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விடியற்காலம் ஐந்நூறு தாண்டி ஒரு வெடிப்பில் தண்ணீர் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டு, பிறகு நிறுத்தினார்கள். ஏஜென்ட் பில் புக்கைத் திறந்தார்.

''எண்ணூத்தி அறுவது அடிங்க.''

பெரியப்பா மடியை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினார். எண்ணினார். நாற்பத்தொன்று.

''நாப்பத்தொண்ணு இருவது எத்தனைங்க தம்பி?''

''எண்ணூத்தி இருவதுங்க...''

''அப்பறம் நாப்பதடி எங்கீங்க போச்சு?''

ஏஜென்ட் தலையைச் சொறிந்தார். ''இருட்டுல கணக்கு தப்பிருக்குமுங்க'' என்றார். பில் 820-க்கு மாறியது. இதில் காசு மட்டுமில்லை விஷயம். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் ஏறும். நூறு அடிக்கு ஒரு தரம் விலை கூடுகிற வியாபாரம் இது. இல்லாத நாற்பது அடி, இருப்பதிலேயே விலை கூடின நாற்பது அடி! அது மட்டுமா? பில்லை நம்பி நாளைக்கு மோட்டாரை 840-ல் தொங்கவிடலாம் என்று ஒருவர் கிளம்பினால், மோட்டார் சேற்றில்தான் போய் உட்காரும்.

மோட்டாரை 620 அடியில் இறக்கினார்கள். இருபது அடிக் குழாய் 31. ஒவ்வொரு குழாயிலும் பெயிண்டில் நம்பர் போட வைத்தார் பெரியப்பா.

ஒயரில் ட்யூப், சுவரில் கரி

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் அசல் வேலை. ரீவைண்டிங் கடையிலிருந்து மெல்லிசான இரட்டை ஒயர் ஒரு சுருள் வாங்கினார். நுனியில் ஒரு சின்ன எடை. இரண்டு கம்பி நுனியும் ஒன்றையொன்று தொடாமல் வெளியே தெரியும். மேல்முனையில் மெக்கானிக் வைத்திருப்பாரே, அந்த மல்ட்டிமீட்டர். போருக்குள் மோட்டார் குழாயோடு ஏற்கெனவே இறக்கியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக ஒயரை விட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கேபிளோடு சுற்றிக்கொள்ளும். நுனி தண்ணீரைத் தொட்டதும் தண்ணீர் வழியாக மின்சாரம் பாயும், முள் ஆடும். அந்த இடத்தில் ஒயரைப் பிடித்து அடையாளத்தை எண்ணினால், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்காரர்கள் இதே தத்துவத்தில் நல்ல கருவி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் 'பீப்' என்று கத்தும். இது ஏழைபாழை வெர்ஷன்.

அடையாளம் எப்படி? பத்து அடிக்கு ஒரு மஞ்சள் இன்சுலேஷன் டேப். ஐம்பதுக்குச் சிவப்பு. நூறு அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று, இருநூறில் இரண்டு, முந்நூறில் மூன்று...

''ட்யூப் எதுக்குங்க பெரியப்பா? டேப்பே போதாதா?''

''த்ரீ பேஸ் கரண்டு நட்ட நடு ராத்திரியில வருது கண்ணு. டார்ச்சைப் பிடிப்பனா, ஒயரைப் பிடிப்பனா? ட்யூப்புன்னா தடவுனாலே தெரியும்.''

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தோல் துண்டு கட்டிய வெள்ளைக்கார மாலுமிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி:

''அவிங்களுக்கும் ராத்திரியிலதான் கரண்டு உட்டாங்களாக்கும்?''

பதினைந்து நாளைக்கு ஒரு தரம், காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு அளந்து, தேதியோடு மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதுவார். பெரியம்மாவுக்கு ஒரே எரிச்சல். ''வூட்டுச் செலவுக்கு ஒரு நாளும் கணக்கு எழுதுனதில்லீங்க. கெணத்துக்கு எழுதறாங்க!''

அந்தக் கரிக்கோடு 2017-ல் வேலைக்கு வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை கையை விரித்துவிட்டது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. தென்னை மரங்கள் மட்டை தொங்கி நின்றன. பெரியப்பா சுவரில் ஜனவரி 410, மார்ச் 490, ஏப்ரல் 540. மே மாசம் 570. மோட்டார் தொங்குவது 620-ல். நடுவில் வெறும் ஐம்பது அடி.

தண்ணீர் மோட்டாருக்குக் கீழே போனால் என்னாகும்? சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் ஏர்கண்டிஷன். அது இல்லாமல் ஓடினால் சூடேறிக் காயில் கருகிவிடும். அப்புறம் 31 குழாயையும் உருவி மேலே எடுக்க வேண்டும்.

''நகையை வெச்சு ஆயிரத்து இருநூறு அடிக்குப் புதுசாப் போட்டுடலாமுங்க'' என்றார்கள் சொந்தக்காரர்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் போட்டார்கள். புகைதான் வந்தது. சில பேருக்குத் தண்ணீரும் வந்தது. அது அவரவர் பாறை.

பெரியப்பா சுவரைப் பார்த்தார். ஆறு மணி நேரம் மோட்டார் ஓட்டிய வாரங்களில் தண்ணீர் மடமடவென்று இறங்கியிருந்தது. கரண்ட் கட்டில் இரண்டு மணி நேரம்தான் ஓடியது என்ற வாரங்களில் அதே இடத்தில் நின்றிருந்தது. சங்கதி அங்கேயே எழுதியிருக்கிறது! அன்றிலிருந்து தினம் இரண்டே மணி நேரம். மாட்டுக்குச் சோளம் விதைப்பதை விட்டார். இரண்டு மாட்டை விற்றார். அன்றைக்குப் பெரியம்மா சாப்பிடவில்லை. தென்னைக்கு மட்டும் சொட்டுநீர். முந்நூறு மரத்தில் இருபத்தைந்து போல் போயின. மற்றவை நின்றன. நகையும் நின்றது. நவம்பர் மாசம் சுவரில் எழுதியது 460.

உங்கள் சுவர் காலியா?

'எனக்குத் தோட்டம் இல்லையே' என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். கணபதியிலோ வடவள்ளியிலோ நீங்கள் குடியிருக்கிற அபார்ட்மெண்ட்டுக்கும் ஒரு போர் இருக்கும். அசோசியேஷன் செகரட்டரியை நிறுத்தி, ''சார், மோட்டார் எத்தனை அடியில தொங்குது?'' என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேனைக் கைகாட்டுவார். வாட்ச்மேன் பிளம்பரைக் கைகாட்டுவார். பிளம்பர் இரண்டு வருஷம் முன்பே திருப்பூர் போயிருப்பார்.

அதனால் சில யோசனைகள், செலவில்லாதவை.

போர் போடும்போது ராடை அளந்துவிட்டு எண்ணுங்கள். புளியங்கொட்டையோ, செல்போனோ, கோடு போட்ட நோட்டோ, உங்கள் இஷ்டம். கடைசி ராடு முழுசாக இறங்கியதா, பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மோட்டாரைப் பிளாஸ்டிக் குழாயில் இறக்கினால் கூடவே நைலான் கயிறு போகும். இறக்குவதற்கு முன்பே கயிற்றில் அடையாளம் வையுங்கள். கயிற்றைத் தளரவிட்டு அளக்காதீர்கள். நைலான் பாரம் ஏறினால் நீளும், இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். அடையாளத்துக்காக முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் குறையும். கலர் டேப் போதும்.

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். கப்பல்காரர் பெயிண்டுக்குத் துணையாகக் கம்பி சுற்றுகிறார். பெரியப்பா டேப்புக்குத் துணையாக ட்யூப் கட்டுகிறார். ஒன்று உரிந்தால் இன்னொன்று பேசும்.

கடைசியாக, மஞ்சள் என்றால் பத்து, சிவப்பு என்றால் ஐம்பது என்கிற ரகசியத்தை மண்டைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். போர் ஆழம், கேசிங் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்.பி., எந்த அடியில், எந்தத் தேதியில் இறக்கியது... எல்லாவற்றையும் மோட்டார் ரூம் சுவரில் எழுதுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளில்தான் மோட்டார் மக்கர் பண்ணும். அது உலக நியதி.

கடற்படைக்காரன் மஞ்சள் வளையத்தைப் பார்த்தே சுதாரித்துக்கொள்கிறான். நமக்குப் பூமி மஞ்சள் பெயிண்ட் அடித்து வைக்கவில்லை. தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிற அன்றைக்கு நேராகச் சிவப்பைத்தான் பார்க்கிறோம். மஞ்சளை நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு டேப்பும் ஒரு கரித்துண்டும் போதும்.

அப்புறம் யாராவது, 'எத்தனை அடிங்க?' என்று விசாரித்தால், 'ஏஜென்ட்டைக் கேட்டுச் சொல்றனுங்க' என்று முழிக்க வேண்டியதில்லை. 'சுவத்துல இருக்குது, பார்த்துக்குங்க' என்று காலாட்டிக்கொண்டு சொல்லலாம்!